சட்டையும் கோப்பையும் வேண்டாம்: கிக்ஸ்டார்ட்டர் வெகுமதிகள் குறித்து ஒரு மதிப்புரை

கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் இதுவரை 14 திட்டங்களுக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். அவற்றுள் 11 இலக்கை எட்டின. எட்டாத மூன்றுக்கும் என் அட்டையிலிருந்து ஒரு காசும் எடுக்கப்படவில்லை. எட்டியவற்றில் ஒன்பதின் வெகுமதிகள் கைக்கு வந்து சேர்ந்தன, ஒன்று இன்னும் வந்துகொண்டே இருக்கிறது, ஒன்று இனி வராது என்று நானே கணக்கை முடித்துவிட்டேன். இப்படிப் பலரிடமிருந்து சிறிது சிறிதாகப் பணம் திரட்டும் கூட்டுநிதியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எந்தத் திட்டம் எத்தனை கோடி திரட்டியது என்பதையே எழுதுகிறார்கள். பணம் கொடுத்தவருக்குத் திரும்பக் கிடைப்பது என்ன, அது கொடுத்த தொகைக்குத் தகுமா, அதை யோசித்து அமைத்தவர்கள் யார், யோசிக்காமல் நம் தலையில் கட்டியவர்கள் யார் என்பதை ஆதரவாளரின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியதால் இந்த மதிப்புரை.

2009 ஏப்ரல் 28 அன்று தொடங்கப்பட்ட இத்தளத்தின் அடிப்படை ஏற்பாடு எளியது. ஒரு படைப்பாளி தமக்குத் தேவையான தொகையையும் கெடுவையும் அறிவிப்பார்; கெடுவுக்குள் அத்தொகை சேர்ந்தால் பணம் அவருக்குப் போகும், சேராவிட்டால் யாரிடமிருந்தும் எதுவும் எடுக்கப்படாது. பங்குரிமையோ இலாபமோ தருவதாக வாக்களிக்க இங்கே அனுமதி இல்லை. ஆகவே ஒரு டாலர் தொடங்கிப் பல ஆயிரம் டாலர் வரை படிப்படியாக அடுக்கப்படும் வெகுமதிகள்தாம் ஆதரவாளருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே கைம்மாறு. ஒவ்வொரு படிக்கும் உத்தேசமாக எந்த மாதம் அனுப்பப்படும் என்பதைப் படைப்பாளி குறிப்பிட்டாக வேண்டும். அந்த 'உத்தேசமாக' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கலாம் என்பது என் கருத்து. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈதன் மோலிக் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெற்றி பெற்ற திட்டங்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டவை சொன்ன காலத்தில் பொருளை அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு அவரே செய்த மற்றொரு ஆய்வில், நிதி பெற்ற திட்டங்களில் 9 விழுக்காடு வெகுமதியைத் தராமலேயே போனதாகத் தெரிந்தது. 11இல் ஒன்று கைவிட்டுப் போன என் அனுபவம் அந்தக் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது என்பதில் எனக்கு ஒரு விசித்திரமான ஆறுதல் உண்டு.

வெகுமதிகளிலேயே மிகப் பழையது பெயர். நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதாமல் போனபோது, 1885இல் ஜோசப் புலிட்சர் தமது 'வேர்ல்டு' நாளிதழின் வழியாக வாசகர்களிடம் நிதி கேட்டார். எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் கொடுத்தவரின் பெயர் இதழில் அச்சாகும் என்பதே அவர் தந்த கைம்மாறு. ஒரு லட்சம் பேருக்கு மேல் கொடுத்தார்கள், ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது, அதில் மிகப் பெரும்பான்மை ஒரு டாலருக்கும் குறைந்த கொடைகள். இன்றும் ஏறத்தாழ எல்லாத் திட்டங்களிலும் கீழ்ப்படியில் 'உங்கள் பெயர் நன்றிப் பட்டியலில் இடம்பெறும்' என்ற வரி இருக்கிறது. ஆனால் பெரும்பாலானோர் அதைக் கடமைக்குச் சேர்க்கிறார்கள். ஆயிரம் பெயர்கள் எறும்பு வரிசையாய் ஓடும் ஒரு பக்கத்தை யாரும் படிப்பதில்லை. 2014இல் ஓஹையோவைச் சேர்ந்த ஒருவர் உருளைக்கிழங்கு சாலட் செய்வதற்காக 10 டாலர் கேட்டு வேடிக்கையாக ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஒரு டாலர் கொடுத்தால், சாலட் செய்யும்போது உங்கள் பெயரை உரக்கச் சொல்வேன் என்பதே கீழ்ப்படி வெகுமதி. 6,911 பேர் சேர்ந்து 55,492 டாலர் கொடுத்துவிட்டார்கள். கேலிக்கூத்து என்று அதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அச்சிட்ட பட்டியலில் ஒரு வரியாகக் கிடப்பதைவிட, யாரோ ஒருவர் சமையலறையில் நின்றுகொண்டு நம் பெயரை வாய்விட்டுச் சொல்வதில் ஏதோ ஒன்று கூடுதலாக இருக்கிறது என்பதை அந்த மனிதர் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்.

பெயரை வெகுமதியாக்கியவற்றுள் என்னை மிகவும் ஈர்த்தது கிக்சாட். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவராக இருந்த சாக் மான்செஸ்டர், அஞ்சல்தலையைவிடச் சற்றே பெரிய, 3.5 சென்டிமீட்டர் சதுர மின்சுற்றுப் பலகை ஒன்றையே முழுச் செயற்கைக்கோளாக வடிவமைத்தார். 'ஸ்பிரைட்' எனப்பட்ட இப்பலகைகள் பலவற்றை ஒரு தாய்க்கோளில் அடுக்கி விண்ணுக்கு அனுப்பி, அங்கே சிதறவிடுவது திட்டம். 2011இல் 315 பேரிடமிருந்து 74,586 டாலர் திரண்டது. உயர்படியில் பணம் கொடுத்தவருக்கு ஒரு ஸ்பிரைட் சொந்தம். அவர் தரும் சில எழுத்துகளை அது வானொலி அலையாகப் பூமிக்கு அனுப்பும். 2014 ஏப்ரல் 18 அன்று 104 ஸ்பிரைட்டுகளுடன் தாய்க்கோள் கிளம்பியது. அவற்றை வெளியே விடுவதற்குப் பதினாறு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அதன் கடிகாரம் கதிரியக்கத்தால் தடுமாறி மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது. எண்ணி முடிக்கும் முன்பே, மே 14 அன்று, தாய்க்கோள் தன் வயிற்றில் இருந்த 104 குட்டிகளோடும் வளிமண்டலத்தில் புகுந்து எரிந்துபோனது. 2019 மார்ச்சில் மான்செஸ்டரின் அடுத்த கோள் 105 ஸ்பிரைட்டுகளை வெற்றிகரமாக வெளியே விட்டது. முதல் முயற்சியை வெகுமதி என்ற அளவில் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோளில் என்ன பழுதானது, எந்த நாளில், எதனால் என்பது ஆதரவாளர்களுக்கு உடனுக்குடன் சொல்லப்பட்டது. பணம் கொடுத்தவர்கள் கடைசி நாள் வரை ஒரு விண்வெளிப் பணியின் உள்ளே இருந்தார்கள். கூடவே, அந்த வெகுமதியைச் செய்வதும் அந்த ஆய்வைச் செய்வதும் ஒரே வேலையாக இருந்தன. இந்த ஒரு பண்பை அளவுகோலாக வைத்துக்கொண்டுதான் மற்றவற்றையும் பார்க்கிறேன்: வெகுமதி அந்த வேலையின் வயிற்றிலிருந்து பிறந்ததா, அல்லது அதன் பக்கத்தில் தனியாக ஒட்டவைக்கப்பட்டதா?

டபுள் ஃபைன் நிறுவனம் 2012இல் ஒரு கணினி விளையாட்டுக்காக 4 லட்சம் டாலர் கேட்டபோது, அதில் ஒரு லட்சத்தை விளையாட்டு உருவாகும் கதையைப் படம்பிடிப்பதற்கென்றே ஒதுக்கியிருந்தது. 87,142 பேர் 33 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வரும் என்ற விளையாட்டின் முதல் பாதி 2014 ஜனவரியிலும் மறுபாதி 2015 ஏப்ரலிலும்தான் வந்தன. வேறொரு திட்டமாக இருந்திருந்தால் இரண்டரை ஆண்டுத் தாமதம் வசைமாரியில் முடிந்திருக்கும். இங்கும் வசை இல்லாமல் இல்லை. ஆனால் பணம் எப்படிக் கரைந்தது, கதை ஏன் வளர்ந்துகொண்டே போனது, குழுவினர் எந்தக் கூட்டத்தில் முகம் வாடி உட்கார்ந்திருந்தார்கள் என்பவை எல்லாம் தவணை தவணையாக ஆவணப்படத்தில் வந்தபடியே இருந்தன. தாமதம் என்பதே வெகுமதியின் ஒரு பகுதியாகிவிட்ட இந்த விந்தையை முன்கூட்டியே கணக்கிட்டுச் செய்தார்கள் என்று நான் நம்பவில்லை. படம்பிடிக்கும் குழுவை உள்ளே விடும் துணிவு அவர்களுக்கு இருந்தது என்று மட்டும் சொல்லலாம். விளையாட்டைவிட ஆவணப்படமே மேல் என்று சொல்பவர்களின் கட்சி நான்.

டி-சட்டையைக்கூட இப்படி உள்ளிருந்து பிறக்கவைக்க முடியும் என்று காட்டியது 'பிளானட் மணி' என்ற பொருளாதார வானொலி நிகழ்ச்சி. 2013இல் அவர்கள் 25 டாலருக்கு ஒரு சட்டை தருவதாக அறிவித்து, அந்தச் சட்டையின் பருத்தி மிசிசிப்பியில் விளைந்து, நூலாகி, ஆண்களுக்கானது வங்கதேசத்திலும் பெண்களுக்கானது கொலம்பியாவிலும் தைக்கப்பட்ட பயணம் முழுவதையும் பின்தொடர்ந்து செய்தியாக்கினார்கள். ஏறக்குறைய 20,000 பேர் அதை வாங்கினார்கள். சட்டை அங்கே நினைவுப்பொருளாக இல்லை, சட்டையேதான் செய்தி. இதைப் பார்த்துவிட்டுத் தங்கள் திட்டத்தின் சின்னத்தை அச்சிட்ட சட்டையை நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு அலுப்பு வருகிறது.

அலுப்புக்குக் காரணம் ரசனை மட்டுமன்று, கணக்கும்தான். தளம் 5 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணமாக 3 விழுக்காடும் 20 சென்ட்டும் போகின்றன. 25 டாலர் கொடுத்தால் படைப்பாளிக்கு மிஞ்சுவது 22.80 டாலர். சட்டையை அச்சிட 8 டாலர், உறைக்கும் அஞ்சலுக்கும் 10 டாலர் என்று வைத்துக்கொண்டால், எந்தப் படத்துக்காக அல்லது புத்தகத்துக்காக நான் பணம் கொடுத்தேனோ அதற்குப் போய்ச் சேருவது 5 டாலர்கூட இல்லை. இதோடு ஆறு அளவுகள், இரண்டு வெட்டுகள், முகவரி மாறியவர்கள், அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் என்று வேலை பெருகும்போது, படைப்பாளி சில மாதங்களுக்குப் படைப்பை மூடிவைத்துவிட்டு அஞ்சல் குமாஸ்தாவாகிவிடுகிறார். நான் ஆதரித்த ஓர் இசைத்தொகுப்பின் கலைஞர் தமது பதினேழாம் அறிவிப்பில், கடந்த எட்டு வாரங்களாகக் கருவியைத் தொடவே இல்லை என்று எழுதியிருந்தார். அந்த எட்டு வாரத்தில் எனக்கும் பங்கு உண்டு. கோப்பை வேண்டும் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். அந்தக் கோப்பை கைப்பிடி உடைந்துதான் வந்து சேர்ந்தது.

இலக்கைத் தாண்டிப் பணம் குவியும்போது அறிவிக்கப்படும் கூடுதல் இலக்குகள் இந்த நோயை முற்றவைக்கின்றன. ஒரு சீட்டு விளையாட்டுத் திட்டத்தில் சேர்ந்தேன். சேர்ந்தபோது அது சீட்டுக்கட்டும் விதிப்புத்தகமும் மட்டுமே. பணம் பெருகப் பெருக உலோக நாணயம், துணிப்பை, சுவரொட்டி, கூடுதல் சீட்டுகள் என்று பட்டியல் நீண்டது. எல்லாருக்கும் இலவசம் என்பதால் நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். இரண்டு ஆண்டுத் தாமதத்துக்குப் பின் பெட்டி வந்தபோது நாணயம் கனமாக, அழகாக இருந்தது. விதிப்புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் தொடங்கிய விளக்கத்துக்குப் பத்தாம் பக்கத்தில் தொடர்ச்சியே இல்லை. விளையாட்டை மெருகேற்ற வேண்டிய நேரத்தை நாணயம் தின்றுவிட்டது.

இதே துறையில் எதிர்த் திசையில் போனவர்கள் 'எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ்' குழுவினர். 2015இல் 10,000 டாலர் கேட்டு, 2,19,382 பேரிடமிருந்து 87 லட்சம் டாலருக்கு மேல் பெற்றார்கள். இத்தனை கூட்டம் சேர்ந்தும் முதன்மையான படிகள் இரண்டுதாம்: 20 டாலருக்கு ஒரு கட்டு, 35 டாலருக்குப் பெரியவர்களுக்கான கூடுதல் கட்டும் சேர்த்து. கூடுதல் இலக்குகளை அவர்கள் தொகையோடு கட்டிவைக்காமல், ஆதரவாளர்கள் சேர்ந்து செய்து முடிக்க வேண்டிய விளையாட்டுகளாக மாற்றினார்கள். பேட்மேன் வேடமிட்ட பத்துப் பேர் ஒரே வெந்நீர்த் தொட்டியில் அமர்ந்திருக்கும் படம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. படங்கள் வந்து குவிந்தன. விளையாட்டு என்ன மனநிலையில் செய்யப்படுகிறதோ அதே மனநிலையை ஆதரவாளர்கள் கட்டு கைக்கு வரும் முன்பே அனுபவித்துவிட்டார்கள். அஞ்சலில் அனுப்ப வேண்டிய பொருளோ பெரிதாகக் கூடவில்லை. வெகுமதி வடிவமைப்பைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் காட்டுவேன். 2022இல் எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 4 கோடி டாலருக்கு மேல் திரட்டியதும் இன்னொரு வகையில் ஒழுங்கான வேலை. அவர் விற்ற நான்கு நாவல்களையும் அறிவிக்கும் முன்பே எழுதி முடித்திருந்தார். ஆதரவாளர் காத்திருந்தது அச்சுக்கும் அஞ்சலுக்கும் மட்டுமே.

ஆதரவாளரைப் படைப்பின் உள்ளேயே கொண்டுவந்து உட்காரவைக்கும் படிகள் பற்றி எனக்கு இருமனம். 'வெரோனிகா மார்ஸ்' திரைப்படத்துக்காக 2013இல் நடந்த திரட்டலில் 10,000 டாலர் கொடுத்த ஒருவருக்குப் பணியாளராக ஒரு வசனம் பேசும் வேடம் கிடைத்தது. ஒரே ஒரு இடம், ஒரே ஒரு வரி, கதைக்குப் பங்கமில்லை. ஆனால் 'பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி' என்ற கணினி விளையாட்டில், பெருந்தொகை கொடுத்தவர்கள் தாமே ஒரு கதைமாந்தரை உருவாக்கி ஊர் வீதிகளில் நிறுத்தலாம் என்று வாக்களித்திருந்தார்கள். 2015இல் விளையாட்டு வெளிவந்தபோது, தங்க நிறப் பெயர்ப்பட்டியோடு அம்மாந்தர்கள் ஊரெங்கும் நின்றார்கள். கதைக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. அவர்களோடு பேசி நேரத்தை வீணாக்காதீர்கள் என்று விளையாடியவர்கள் ஒருவரையொருவர் எச்சரிக்கும் நிலை வந்தது. ஆதரவாளர்கள் எழுதித் தந்த நடுகல் வாசகங்களில் ஒன்று புண்படுத்துவதாக எதிர்ப்பு எழுந்து, அதை மாற்றவும் வேண்டியதாயிற்று. வேலையின் உள்ளிருந்து பிறந்தால் நல்லது என்ற என் அளவுகோலுக்கு இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. வெகுமதி வேலையிலிருந்து வெளியே வர வேண்டும். வெளியிலிருந்து வேலைக்குள் திணிக்கப்பட்டால் அது கொடுக்காதவர்களையும் தொல்லைப்படுத்துகிறது.

தயாரிப்புப் பொருளையே வெகுமதியாகத் தரும் மின்சாதனத் திட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை, ஏனெனில் அவை பெயரளவில்தான் வெகுமதி, உண்மையில் முன்பதிவு. 2014இல் 62,642 பேரிடமிருந்து 1 கோடி 32 லட்சம் டாலருக்கு மேல் பெற்ற 'கூலஸ்ட்' குளிர்பெட்டி, ஆதரவாளர்களுக்கு அனுப்பி முடிக்கும் முன்பே கடையில் விற்பனைக்கு வந்தது. 2019 டிசம்பரில் நிறுவனம் மூடப்பட்டபோது சுமார் 20,000 பேருக்குப் பெட்டி கிடைக்கவே இல்லை. எனக்கு வராமல் போனதும் ஒரு மின்சாதனம்தான். அதைச் செய்தவர்கள் கடைசி அறிவிப்பில் தொழிற்சாலையைக் குறை சொன்னார்கள், அதற்குப் பின் மௌனம்.

கற்பனை மிகுந்த வெகுமதி என்றால் செய்ய முடியாததை வாக்களிப்பது என்று பொருள் கொண்டவர்களும் உண்டு. 2013இல் ஆர்க்கிட் விண்தொலைநோக்கித் திட்டம், 25 டாலர் கொடுத்தால் உங்கள் படத்தைச் செயற்கைக்கோளின் சிறு திரையில் காட்டி, பின்னணியில் பூமி தெரிய அதைப் படமெடுத்து அனுப்புவோம் என்றது. 17,614 பேர் 15 லட்சம் டாலர் கொடுத்தார்கள். நானும் அந்த அறிவிப்பைப் படித்த அன்று இரவு நெடுநேரம் எந்தப் படத்தைத் தரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நல்ல வேளையாகக் கெடு முடிந்துவிட்டது. கோள் பறக்கவில்லை, ஆனால் 2016இல் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். அதே 2013இல் இருட்டில் ஒளிரும் செடிக்காக 4 லட்சத்து 84 ஆயிரம் டாலர் பெற்ற திட்டம் மரபணு மாற்றிய விதைகளைத் தருவதாகச் சொன்னது. விதை வரவில்லை, 2017இல் திட்டமே கைவிடப்பட்டது. மரபணு மாற்றிய உயிர்களை வெகுமதியாகத் தரக் கூடாது என்று கிக்ஸ்டார்ட்டர் அந்தத் திரட்டல் முடிந்த சிறிது காலத்தில், 2013இலேயே விதி செய்துவிட்டது.

தளத்தின் சேவையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதும் அந்த விதிகளோடு தொடர்புடையதே. எவற்றை வெகுமதியாகத் தரக் கூடாது என்பதில் கிக்ஸ்டார்ட்டர் கறாராக இருக்கிறது. வேறெங்கோ வாங்கிய பொருளை மறுவிற்பனை செய்வதும் மதுவை வெகுமதியாகத் தருவதும் அங்கே நடக்காது. இண்டிகோகோ போன்ற தளங்களில் இலக்கை எட்டாவிட்டாலும் சேர்ந்த பணத்தை எடுத்துக்கொள்ளும் வழி இருந்ததை ஒப்பிட்டால், இங்குள்ள 'எட்டினால் எல்லாம், இல்லையேல் இல்லை' என்ற ஏற்பாடு ஆதரவாளருக்கு நல்ல காப்பு. ஆனால் பணம் கைமாறிய பின் தளம் கையைக் கட்டிக்கொண்டுவிடுகிறது. ஒப்பந்தம் படைப்பாளிக்கும் ஆதரவாளருக்கும் இடையிலானது, தளம் அதில் ஒரு தரப்பு இல்லை என்பது அவர்களின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆயினும் அறிவிப்பு நின்றுபோன ஒரு திட்டத்தின் பக்கத்தில், 'வெற்றிகரமாக நிதி திரட்டப்பட்டது' என்ற செய்தியைத் தவிர வேறெந்த அடையாளமும் இல்லாமல் இருப்பதைப் பார்க்கும்போது, ஐந்து விழுக்காட்டுக்கு இன்னும் கொஞ்சம் பொறுப்பை எதிர்பார்க்கலாம் என்று தோன்றுகிறது. முதலில் வருவோருக்கு விலைக் குறைவு என்ற படியும் எனக்கு உவப்பில்லை. ஒரு மணி நேரம் பிந்தி வந்தவரைத் தண்டிப்பதைத் தவிர அது எதையும் செய்வதில்லை.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை இது. சட்டை, கோப்பை, பேட்ஜ் உள்ள படிகளைத் தாண்டிவிடுகிறேன். படைப்பு மின்வடிவில் கிடைக்கும் படி இருந்தால் அதை எடுக்கிறேன். வெகுமதியே வேண்டாம் என்று கொடுக்கும் வசதியும் தளத்தில் இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. வேலை நடக்கும் விதத்தைக் காட்டும் படி ஏதேனும் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கிறேன். எனக்குக் கிடைத்தவற்றுள் ஆகச் சிறந்ததும் அந்த வகைதான். ஒரு படக்கதை நூலின் ஓவியர், வரைந்து கழித்துப்போட்ட முன்வரைவுத் தாள்களைக் குப்பையில் எறியாமல் ஆளுக்கொன்றாக ஆதரவாளர்களுக்கு அனுப்பினார். அவருக்கு ஆன செலவு ஓர் உறையும் தபால்தலையும். எனக்கு வந்த தாளில் ஒரு கிழவரின் கை நான்கு முறை வரையப்பட்டு மூன்று முறை அழிக்கப்பட்டிருந்தது. நூல் வந்ததும் முதலில் அந்தக் கையைத்தான் தேடிப் பார்த்தேன், அங்கே ஐந்தாவது விதமாக இருந்தது.

இன்னும் வராத அந்த ஒன்று பறவைகளின் கூடுகளைப் பற்றிய ஒரு நூல். அனுப்பும் மாதம் மூன்று முறை தள்ளிப்போயிருக்கிறது. சென்ற வாரம் வந்த இருபத்தோராம் அறிவிப்பில், பைண்டிங் துணிக்கு இரண்டு பச்சை நிறங்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கருமையான பச்சைக்கு வாக்களித்திருக்கிறேன்.